ஆழ்துளைக் கிணற்றில் "நீர் கூட்டித் தருகிறோம்" என்று வருபவர்களிடம் எச்சரிக்கை

85,000 ரூபாய் கொடுத்து எங்கள் தொட்டித் தண்ணீரையே எங்கள் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து திரும்ப வாங்கினோம். நடந்தது இதுதான். மலையில் மீன் குஞ்சு வளர்ப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிக்குப் பக்கத்தில், காப்பித் தோட்டத்தின் ஓரமாக எங்கள் பொரிப்பகம் இருக்கிறது. சாதாக் கெண்டையும் அதன் வண்ண இனமான கோயும் பொரிக்கிறோம். சாதாக் கெண்டையின் முக்கியமான இனப்பெருக்கக் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை, பிறகு ஜூலை, ஆகஸ்ட். எங்கள் பக்கத்துக்கு நல்ல மழை தருவது வடகிழக்குப் பருவமழைதான். அது டிசம்பரோடு போய்விடும். ஆக, தாய்மீன் முட்டையோடு நிற்கும் நேரத்தில்தான் ஓடை மெலியும், ஊற்று நூலாகும். ஒரு கிலோ எடையுள்ள பெண் கெண்டை ஒரு லட்சம் முட்டைக்கு மேல் இடும். அத்தனைக்கும் நாள் முழுவதும் புதுத் தண்ணீர் ஓட வேண்டும்.

எங்களிடம் இருப்பது மாமனார் காலத்து ஆழ்துளைக் கிணறு. 420 அடி. மேலே 60 அடிக்கு, மண் சரியாமல் தாங்கும் கேசிங் குழாய், அதற்குக் கீழே வெறும் பாறை. கோடையில் இரண்டு மணி நேரம் மோட்டார் ஓடினால் நீர் இறங்கிவிடும், ஐந்து மணி நேரம் காத்திருக்க வேண்டும். மலையில் புதிதாகக் கிணறு போட அனுமதி வாங்குவது எளிதல்ல என்பதால், இருப்பதையே பெருக்க முடியுமா என்று விசாரித்தோம். அப்படித்தான் சமவெளியிலிருந்து அந்த ஒப்பந்தக்காரர் வந்தார்.

அவர் சொன்ன முறை பொய்யானது அல்ல. ஹைட்ரோ ஃபிராக்சரிங் என்பார்கள். கிணற்றுக்குள் ரப்பர் அடைப்பான் ஒன்றை இறக்கி, பாறையோடு இறுக்கி, அதற்குக் கீழே மிகுந்த அழுத்தத்தில் தண்ணீரைச் செலுத்துவார்கள். பாறை வெடிப்புகளில் அடைத்துக் கிடக்கும் மண்ணும் துகளும் விலகி, வெடிப்புகள் ஒன்றோடொன்று தொடர்பு பெறும். எங்கள் மலையின் சார்னோக்கைட் போன்ற கடினப் பாறையில் தண்ணீர் இருப்பதே மேலுள்ள சிதைந்த மண்ணிலும் இந்த வெடிப்புகளிலும்தான். வெடிப்பு இருந்தால் பலன் கிடைக்கும். இல்லாத இடத்தில் எந்த அழுத்தமும் நீரை உண்டாக்காது. அந்த இரண்டாவது பகுதியை அவர் சொல்லவே இல்லை.

வேலை ஜனவரி கடைசியில் நடந்தது. மோட்டாரை மேலே எடுத்தார்கள். செலுத்துவதற்குத் தண்ணீர் வேண்டும் என்று, மீன் தீவனத்துக்காக நாங்கள் அசோலா என்ற மிதக்கும் சிறு நீர்ச்செடியை வளர்க்கும் தொட்டியிலிருந்து 12,000 லிட்டரை உறிஞ்சிக்கொண்டார்கள். வண்டி இரண்டு மணி நேரம் இரைந்தது. பிறகு மோட்டாரை இறக்கி ஓட்டிக் காட்டினார்கள். 200 லிட்டர் டிரம் இரண்டே நிமிடத்தில் நிரம்பியது. "பாருங்கள் அக்கா, நிமிடத்துக்கு நூறு லிட்டர்!" என்றார். ஒன்றரை மணி நேரம் நிற்காமல் ஓடியது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

மாமனார் மட்டும் டிரம்முக்குள் கையை விட்டு, விரல் நுனியில் எதையோ எடுத்துப் பார்த்தார். கடுகளவு பச்சை இலை, அடியில் மயிர் போன்ற வேர். "அம்மா, இது நம் தொட்டி அசோலா அல்லவா?" என்றார். குழாயில் ஒட்டியிருந்திருக்கும் என்று ஒப்பந்தக்காரர் சொன்னார். நானும் அவர் பேச்சைத்தான் நம்பினேன். வேலை முடிந்தது என்ற தாளில் கையெழுத்துப் போட்டுப் பணத்தைக் கொடுத்தேன்.

நூறு லிட்டர் வீதம் ஒன்றரை மணி நேரத்துக்கு 9,000 லிட்டர். உள்ளே போனது 12,000. இந்தக் கணக்கை அன்றே போட்டிருந்தால் பணம் மிஞ்சியிருக்கும். பாறை எதையும் தரவில்லை, நாங்கள் ஊற்றியதைத்தான் திருப்பிக் கொடுத்தது. மூன்றாம் வாரம் மோட்டார் நாற்பது நிமிடம் ஓடிவிட்டுக் காற்றை இழுத்தது. முன்பு இருந்த இரண்டு மணி நேரமும் போயிற்று.

பணத்தைவிடப் பெரிய இழப்பு அதற்கு முன்பே நடந்துவிட்டது. "நல்ல தண்ணீர், நேராகவே விடலாம்" என்று அவர் சொன்னதை நம்பி, இரண்டாம் வாரம் பொரிப்புத் தொட்டிக்கு அதைத் திருப்பினேன். குழாயில் வரும்போது கண்ணாடி மாதிரி இருந்தது. காற்றுக் குமிழி ஓடும் தொட்டியில் ஒரு மணி நேரத்தில் தேநீர் நிறமாயிற்று. கெண்டை முட்டை பசைத்தன்மை உள்ளது, நீர்ச்செடியின் வேரில் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் காலையில் ஹாப்பாவிலிருந்து, அதாவது தொட்டிக்குள் கட்டிய வலைப்பெட்டியிலிருந்து, ஒரு வேர்க்கொத்தைத் தூக்கிப் பார்த்தேன். தெளிந்த மணிமணியாக இருக்க வேண்டிய முட்டைகள் ஒவ்வொன்றின் மேலும் துருப்பொடி பூசியது போலப் படிந்திருந்தது. தேய்த்தால் விரலில் செம்பழுப்பு. அந்த ஈட்டில் ஒரு கைப்பிடிக் குஞ்சுகூடத் தேறவில்லை.

காரணத்தைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். ஆழத்து நீரில் ஆக்சிஜன் குறைவாக இருந்தால் இரும்பு கரைந்த நிலையிலேயே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. காற்றுப் பட்டதும் துருவாகித் திரண்டு படியும். முட்டையின் மேல் படிந்தால் முட்டை மூச்சுவிட முடியாது, குஞ்சின் செவுளில் படிந்தாலும் அதே கதிதான். அதனால் ஆழ்துளை நீரை முதலில் வேறொரு தொட்டியில் அருவி போல விழவிட்டு, காற்று ஏற்றி, துருவைப் படியவிட்டு, மேல் தெளிவை மட்டுமே பொரிப்புத் தொட்டிக்கு விட வேண்டும். முன்பு ஊற்று நீரோடு கலந்து விட்டதால் தப்பித்துக்கொண்டிருந்தேன். சோதிக்காமல் திருப்பியது என் தவறு. அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் கிணற்றுக்குள் என்னதான் நடந்தது? ஏப்ரலில் வேறொருவரை அழைத்துக் கிணற்றுக்குள் கேமரா இறக்கினோம். கேசிங் குழாயின் அடிப்பகுதி பிளந்து, செம்மண் சேறு வழிந்துகொண்டிருந்தது. அடைப்பானைக் கெட்டிப் பாறையில் வைக்காமல், கேசிங்குக்கு ஒட்டினாற்போல, சிதைந்த பாறையிலேயே வைத்து அழுத்தியிருக்கிறார்கள் என்று கேமரா கொண்டுவந்தவர் சொன்னார். ஆழத்தில் வைக்கக் குழாய் அதிகம் இறக்க வேண்டும், நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை மிச்சம் பிடிக்க எங்கள் கிணற்றைக் கெடுத்துவிட்டார்கள்.

யாராவது இந்த வேலைக்கு உங்களிடம் வந்தால் முதலில் கேமரா இறக்கி, கேசிங் எங்கே முடிகிறது, வெடிப்பு எத்தனையாவது அடியில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். அடைப்பான் எந்த ஆழத்தில், எத்தனை இடத்தில் வைக்கப்படும் என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள். செலுத்திய நீர் முழுவதும் வெளியேறிய பிறகு, ஒரு முழு நாள் மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டி, மணிக்கொரு முறை நீர்மட்டத்தை அளக்க வேண்டும். நிறுத்திய பின் மட்டம் எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்பதையும் அளக்க வேண்டும். பெரும்பகுதிப் பணம் அதற்குப் பிறகுதான். இதற்குச் சம்மதிக்காதவர் கேட்டைத் தாண்டி உள்ளே வர வேண்டாம். தண்ணீர்ச் சோதனைக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் மாவட்டத் தலைநகரில் இருக்கிறது. இரும்பு, கார அமிலத் தன்மை இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

நாங்கள் இப்போது ஊற்றைச் சுற்றிக் கல் அடுக்கி மூடி, இரவில் வரும் நீரையும் வீணாக்காமல் தொட்டியில் சேர்க்கிறோம். சரிவில் மழைநீர் நின்று இறங்கக் குறுக்கே பள்ளங்கள் வெட்டியிருக்கிறோம். பொரிப்புத் தொட்டி நீரை வடிகட்டித் திரும்ப ஓடவிடுகிறோம். இந்த ஆண்டு குறைந்த தாய்மீன்களோடுதான் பருவம் நடந்தது.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கத் தாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். பாதிப்பு நடந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். வேலைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. கேமராப் பதிவும் சோதனை அறிக்கையும் கையில் இருக்கின்றன. பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கம் இதே போல வேலை செய்துகொண்டு ஏமாந்தவர்கள் இருந்தால், ரசீதையும் வேலைத் தாளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு வரி எழுதுங்கள், நேரில் வந்து பார்க்கிறேன்.