ஷார்க் வேலி டிராம் பயணம்: கொக்கைக் காட்டியதோடு நிற்கவில்லை

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், மயாமியிலிருந்து டாமியாமி டிரெயில் சாலையில் மேற்கே சுமார் ஒரு மணி நேரம் போனால் எவர்கிளேட்ஸ் என்ற சதுப்புநிலத் தேசியப் பூங்காவின் ஷார்க் வேலி வாசல். அங்கிருந்து கிளம்பும் இரண்டு மணி நேர டிராம் பயணத்துக்குத் தயங்காமல் ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன். பறவைகளை அருகில் பார்க்க முடிந்தது பாதிக் காரணம். அவற்றின் உடம்பில் சேர்ந்திருக்கும் நஞ்சைப் பற்றி எங்கள் வழிகாட்டி மறைக்காமல் பேசினாரே, அது மீதிப் பாதி.

டிராம் என்றதும் தண்டவாளத்தைத் தேட வேண்டாம். பக்கங்கள் திறந்த பெட்டிகளை ஒரு வண்டி இழுத்துப் போகிறது. சுற்றுப்பாதை 15 மைல். நடுவில் இறங்கிக் கோபுரத்தில் ஏறினால் கண்ணுக்கு எட்டியவரை கோரைதான். பாதையை ஒட்டி ஒரு கால்வாய் ஓடுகிறது. வறண்ட மாதங்களில் சுற்றுப்புறத்து நீர் வற்றி மீன்களெல்லாம் அதில் ஒதுங்க, பின்னாலேயே பறவைகளும் முதலைகளும் வந்துவிடுகின்றன.

பெரிய கொக்கு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. இனப்பெருக்கக் காலம் என்பதால் கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே தளிர்ப்பச்சை. அலகில் குறுக்கே கவ்விய மீனை இரண்டு முறை தூக்கிப்போட்டுத் திருப்பி, தலை முதலில் போகும்படி விழுங்கியது. கழுத்துக்குள் மீன் இறங்குவதுகூடத் தெரிந்தது. வண்டி நின்றது. "அந்த மீனோடு பாதரசமும் உள்ளே போகிறது" என்றார் வழிகாட்டி.

நிலக்கரியையும் குப்பையையும் எரிக்கும்போது வெளிவரும் பாதரசம் மழையோடு இந்தச் சதுப்பில் விழுகிறது. வடக்கே உள்ள கரும்பு வயல்களிலிருந்து கந்தகச் சத்து வடிந்து வருகிறது. சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள் அந்தக் கந்தகத்தைப் பயன்படுத்தி வாழும்போதே பாதரசத்தை, உயிர்களின் உடம்பில் எளிதில் சேரும் நச்சு வடிவமான மெத்தில் பாதரசமாக மாற்றிவிடுகின்றன. அது பாசியில் தொடங்கி, கம்பூசியா போன்ற சிறு மீன், அதைத் தின்னும் பெரிய மீன், கடைசியில் கொக்கு என்று படிக்குப் படி செறிந்துகொண்டே போகிறது. (நம் ஊரில் கொசுப்புழுவைத் தின்னக் குளங்களில் விடுகிறார்களே, அதே கம்பூசியாவின் சொந்த ஊர் இந்தப் பக்கம்தான்.)

குஞ்சுகளைப் பற்றி அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. கூட்டில் இருக்கும்வரை, வளரும் இறகுகள் ரத்தத்திலுள்ள பாதரசத்தை இழுத்துக்கொள்கின்றன. அதனால்தான் குஞ்சின் இறகைப் பிடுங்கி அளந்தாலே அந்த வட்டாரத்து நீரின் நிலை தெரிந்துவிடுகிறது. இறகு வளர்ந்து முடிந்ததும் அந்தப் போக்கிடம் அடைபடுகிறது. ரத்தத்தில் பாதரசம் ஏறத் தொடங்குகிறது. தாய் தகப்பன் ஊட்டுவதை நிறுத்தி, குஞ்சு தானே மீன் பிடிக்கப் பழக வேண்டிய நேரமும் அதுவே. கூண்டில் வளர்த்து மெத்தில் பாதரசம் கொடுத்துப் பார்த்த ஆய்வில், இளம் கொக்குகள் இரை பிடிக்க முனையாமல் நிழலில் ஒதுங்கி நின்றன. அப்படி ஒரு பறவை காட்டில் எத்தனை நாள் தாங்கும்?

இதே சாலையில், பூங்காவுக்கு வெளியே, முன்பு ஓர் ஏர்போட் (பின்னால் பெரிய விசிறி வைத்து ஓட்டும் தட்டைப் படகு) சவாரிக்கும் போயிருக்கிறேன். பெயர் வேண்டாம். இஞ்சின் இரைச்சலில் கொக்குக் கூட்டம் அலறிப் பறந்ததையே வேடிக்கையாகக் காட்டினார்கள். பாதரசத்தைப் பற்றிக் கேட்டபோது, "அதெல்லாம் பழைய கதை" என்று படகோட்டி பேச்சை முடித்துவிட்டார்.

பழைய கதையில்லை. 1990களில் குப்பை எரிப்பு ஆலைகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. 1994 முதல் 2000 வரை கொக்குக் குஞ்சுகளின் இறகில் பாதரசம் சராசரியாக 73 சதவீதம் குறைந்தது. சட்டம் போட்டால் பலன் கிடைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் பாதரசம் காற்றோடு நெடுந்தூரம் வரும் பொருள். இங்குப் பிடிக்கும் பாஸ் மீனைத் தின்பது குறித்து 1989இல் தொடங்கிய எச்சரிக்கைகள் முற்றிலும் விலகவில்லை. குறைந்த அளவும் விளையாட்டல்ல. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஃபிரெடெரிக் குழு, 160 வெள்ளை அரிவாள் மூக்கன்களை (வளைந்த நீள அலகுள்ள ஐபிஸ் பறவைகளை) நான்கு குழுக்களாகப் பிரித்து மூன்று ஆண்டுகள் கவனித்தது. மிக அதிகம் பெற்ற குழுவுக்கே உணவில் பத்து லட்சத்தில் 0.3 பங்குதான் மெத்தில் பாதரசம். அந்தக் குழுவின் ஆண் பறவைகள் பெண் பறவைகளை நாடி ஆடுவது குறைந்தது. ஆணும் ஆணும் இணை சேர்ந்து முட்டையில்லாத கூடுகளில் காத்திருந்தன. பறவை சாகவில்லை, பார்வைக்கு நோயும் இல்லை. குஞ்சு மட்டும் குறைகிறது. படகிலிருந்து பார்க்கிறவருக்கு இது எப்படித் தெரியும்? யாராவது சொன்னால்தானே தெரியும்.

போகிறவர்களுக்கு: டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான் பறவைகளுக்கு நல்ல காலம். கோடையில் மழையும் கொசுவும் வாட்டும், நீர் பரவிவிடுவதால் பறவைகளும் சிதறிவிடும். விடுமுறை நாள் என்றால் டிக்கெட்டை முன்பதிவு செய்துவிடுங்கள். வாடகைச் சைக்கிளும் கிடைக்கிறது. 15 மைல் மிதிக்கத் தெம்பிருந்தால் நினைத்த இடத்தில் நிற்கலாம், ஆனால் விளக்கம் சொல்ல ஆள் இருக்காது. முதல் முறை என்றால் டிராமிலேயே போங்கள். கால்வாய் எந்தப் பக்கம் வரும் என்று ஏறும்போதே கேட்டு அந்த ஓரத்தில் உட்காருங்கள். வழிகாட்டி தானாகப் பேச்செடுக்காவிட்டால், குஞ்சுகளின் இறகைப் பற்றி நீங்களே கேளுங்கள்.