கிரீன் ஹவுஸ் போடப் போகிறீர்களா? கூரை திறக்குமா என்று முதலில் கேளுங்கள்

இராகலை, கந்தப்பளை, உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களில் இப்போது ஒரு கொம்பனியின் ஆட்கள் வீடு வீடாக வந்து போகிறார்கள். "கிரீன் ஹவுஸ் முழுசா நாங்களே போட்டுத் தருவோம், கன்று தருவோம், விளைச்சலையும் நாங்களே எடுத்துக்கொள்வோம், நீங்க தண்ணி திறந்து விட்டாப் போதும்" என்கிறார்கள். அவர்கள் வட்ஸ்அப்பில் காட்டுகிற படங்களில் ஒன்று எங்களுடைய கிரீன் ஹவுஸ். போட்ட புதிதில் பொலித்தீன் பளபளவென்று இருந்தபோது எடுத்த படம். அதைப் பார்த்து இன்னொரு குடும்பம் காசைக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். விஷயம் நீதிமன்றத்துக்குப் போவதால் கொம்பனியின் பெயரை இங்கே போடவில்லை. என்ன செய்தார்கள் என்பதைத்தான் எழுதப் போகிறேன், அதை வைத்தே ஆளை அடையாளம் பிடித்துக்கொள்ளலாம்.

எங்களுடையது லயத்துக்குப் பின்னால் இருக்கிற மரக்கறித் துண்டு. தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கினோம். காணி உறுதி இல்லாதவர்களுக்கு வங்கி இலேசில் கடன் தராது, அது மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும். அம்மா கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாப நிதியும், அக்காவின் நகையை அடகு வைத்த காசும் சேர்த்து 12 இலட்சம். 100 அடி நீளம், 20 அடி அகலம், பெல் பெப்பர் நடுவது என்று பேச்சு.

நல்லதாகச் செய்ததையும் சொல்ல வேண்டும். பக்கவாட்டில் அடித்த பூச்சி வலை சரியான 40 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு 40 கண்) வலைதான். சொட்டு நீர்க் குழாயும் தரமானது. குழாய்க் கம்பிகளும் துருப்பிடிக்காமல் இருக்க நாகம் (துத்தநாகம்) பூசியவை. பார்க்க வருகிறவர்களிடம் வலையைக் கையால் இழுத்துக் காட்டி, "ஒரு ஈ உள்ளே வராது" என்று பெருமையாகச் சொல்வார்கள். கோளாறே அங்கேதான் இருந்தது. வலை எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவுக்குக் காற்றும் உள்ளே வராது. அப்படி நெருக்கமான வலை அடித்தால், சூடான காற்று வெளியே போக மேலே முகட்டில் ஒரு திறப்பு கட்டாயம் வேண்டும். எங்களுக்குக் கொடுத்த வரைபடத்தில் அந்த முகட்டுத் திறப்பு இருந்தது. கட்டி முடித்தபோது இல்லை. கேட்டதற்கு, "நுவரெலியாக் காற்றுக்கு மேலே திறந்து வச்சா பொலித்தீன் கிழிஞ்சிரும் தம்பி, உங்க நல்லதுக்குத்தான் மூடினோம்" என்றார் டெக்னீசியன். திறப்பு வைப்பதற்குத் தேவையான கம்பியும் வலையும் கூலியும் மிச்சம், அவ்வளவுதான் விஷயம். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டபோதும் இதே பதில்தான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்த ஒரு திறப்பு இல்லாததால் வந்தது. வெளியே 20 பாகை குளிர் இருக்கிற நாளில், வெயில் ஏறினால் உள்ளே தொங்கவிட்ட வெப்பமானி 38ஐக் காட்டும். பெல் பெப்பருக்கு 30ஐத் தாண்டினாலே பூ நிற்காது. காலையில் போய்ப் பார்த்தால் செடிக்கு அடியில் பூக்கள் கொட்டிக் கிடக்கும். இரவில் வேறு பிரச்சினை. உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போக வழியில்லாமல், மூடி போட்ட சோற்றுச் சட்டி மாதிரி, குளிர்ந்த பொலித்தீனில் நீர் கோத்து விடியும்வரை செடிமேல் சொட்டும். அந்த ஈரத்தில் சாம்பல் பூஞ்சணம் பிடித்தது. பூ விழுந்த இடத்திலும், காம்பை வெட்டிய இடத்திலும், முதலில் தண்ணீர் ஊறியது போல ஒரு புள்ளி. இரண்டொரு நாளில் அதன்மேல் சாம்பல் நிறத்தில் மயிர் மயிராக ஒரு படை. விரலால் தட்டினால் புகை மாதிரி பறக்கும். அப்படிப் பறப்பது அதன் வித்து, அது போய் அடுத்த செடியில் உட்காரும். இந்த நோய்க்கு முதல் வைத்தியம் காற்றோட்டம். மருந்து அதற்குப் பிறகுதான். ஆனால் கொம்பனிக்கு மருந்து விற்பது ஒரு தனி வருமானம். ஒவ்வொரு தடவை கூப்பிட்டபோதும் ஒரு புதுப் போத்தலோடு வந்தார்கள்.

பூஞ்சணத்துக்கு ஒன்று, வெள்ளை ஈக்கு ஒன்று, இலைப்பேனுக்கு ஒன்று. எதிலும் லேபல் கிடையாது. தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி, மூடியில் மார்க்கர் பேனாவால் அளவு எழுதித் தருவார்கள். "பெரிய கேனில் வாங்கிப் பிரிச்சுத் தாறோம், விலை குறையும்" என்பது அவர்கள் சொன்ன காரணம். இதைத் தயவுசெய்து யாரும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்யாத மருந்தையோ, லேபல் இல்லாத மருந்தையோ விற்பது சட்டப்படி குற்றம். லேபலில்தான் அது என்ன மருந்து, எவ்வளவு நச்சு, அடித்து எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம், உடம்புக்கு ஏதும் ஆனால் என்ன செய்வது என்பதெல்லாம் இருக்கும். மோனோகுரோட்டோபோஸ், மெத்தமிடோபோஸ் போன்றவற்றை 1995லும், எண்டோசல்பானை 1998லும் நம் நாட்டில் தடை செய்தது, அவற்றால் அவ்வளவு உயிர் போனதால்தான். போத்தலில் பெயர் இல்லையென்றால் உள்ளே இருப்பது எது என்று யாருக்குத் தெரியும்?

எங்களோடு வேலை செய்தவர் பக்கத்து லயத்து அக்கா. கொழுந்து வேலை இல்லாத நாட்களில் வந்து கன்று கட்டுவார், கிளை ஒடிப்பார். நான் மரக்கறி லொறியோடு நுவரெலியாவுக்குப் போயிருந்த ஒரு நாள் டெக்னீசியன் வந்திருக்கிறார். வெள்ளை ஈ கூடிவிட்டது என்று அவரே மருந்தைக் கலந்து, முதுகு டேங்கை அக்காவின் தோளில் மாட்டிவிட்டு, "கதவைத் திறந்து வச்சு அடிச்சா மருந்தெல்லாம் வெளியே போயிரும், ஈ சாகாது. மூடிட்டு அடிங்க" என்று சொல்லிப் போய்விட்டார். முகத்துக்குக் கொடுத்தது கொரோனா காலத்தில் போட்டோமே, அந்த நீல நிறத் துணி மாஸ்க். கையுறை இல்லை. உச்சி நேரம், உள்ளே கொதிக்கிற வெக்கை.

அக்கா பாதி வரிசை அடித்ததும் வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார். அம்மாதான் பார்த்திருக்கிறார். உடம்பெல்லாம் வியர்த்து ஊற்றியிருக்கிறது. வாயிலிருந்து எச்சில் நிற்காமல் வடிந்திருக்கிறது. "கண்ணு மங்கலாத் தெரியுது, வயிறு பிரட்டுது" என்றிருக்கிறார். பிறகு வாந்தி. அம்மா உடனே சட்டையைக் கழற்றி, சவுக்காரம் போட்டு உடம்பைக் கழுவிவிட்டு, 1990க்கு அடித்து சுவசெரிய அம்புலன்ஸில் ஏற்றியிருக்கிறார். அந்தக் கழுவல் பெரிய காரியம் என்று பிறகு வைத்தியர் சொன்னார், ஏனென்றால் இந்த மருந்துகள் தோல் வழியாகவும் உள்ளே போகும். ஆஸ்பத்திரியில் அக்காவின் கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. வைத்தியர் முதலில் கேட்டது, "மருந்துப் போத்தலைக் கொண்டு வந்தீங்களா?" என்பதுதான். கொண்டுபோயிருந்தோம். மூடியில் "1½ மூடி" என்று எழுதிய ஒரு வெறும் தண்ணீர்ப் போத்தலை அவர் கையில் கொடுத்தோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை என்னால் மறக்க முடியவில்லை. அறிகுறியை வைத்து ஒர்கனோபொஸ்பேட் என்கிற பூச்சிமருந்து வகை நஞ்சு என்று முடிவு செய்து, அதற்கு மாற்று மருந்தான அட்ரோப்பின் ஏற்றினார்கள். அக்கா பிழைத்தார். செலவும், படுத்திருந்த நாட்களின் கூலியும் நாங்கள் கொடுத்தோம். கொம்பனியிலிருந்து ஒருவர்கூட வந்து பார்க்கவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, "வேலையாளுக்கு அடிக்கத் தெரியல்ல" என்றார்கள். முப்பது வருடம் தேயிலை மலையில் வேலை பார்த்த மனுசியைப் பற்றி அப்படிச் சொன்னதை நான் மன்னிக்கப் போவதில்லை.

மூடிய இடத்தில் மருந்து அடிப்பது திறந்த தோட்டத்தில் அடிப்பது போன்றதல்ல. காற்றில் கலைந்து போகாது, அடிக்கிறவர் அதற்குள்ளேயே நிற்கிறார். துணி மாஸ்க் மருந்தின் ஆவியைத் தடுக்காது. ஆவிக்கென்று கரி வடிகட்டி வைத்த முகமூடி தனியாக இருக்கிறது, அதற்கும் காலாவதி உண்டு. இப்போது எங்களிடத்தில் அதிகாலையில்தான் அடிக்கிறோம். பக்கத் திரைகளைச் சுருட்டிவிட்டு, உள்முனையில் தொடங்கிக் கதவைப் பார்த்துப் பின்னால் நடந்து வந்தபடி, அடித்த மருந்துப் புகைக்குள் மறுபடி போகாமல். ஒருவர் அடிக்கும்போது இன்னொருவர் வெளியே நிற்பார். லேபலில் சொன்ன நேரம் கழியும்வரை வாசலில் கயிறு கட்டியிருக்கும், பிள்ளைகள் உட்பட யாரும் உள்ளே போவதில்லை. ஏதாவது ஆனால் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இருக்கிற தேசிய நஞ்சுத் தகவல் நிலையத்தின் இலக்கம், 011 2686143, கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம்.

இதெல்லாம் நடந்த பிறகு விவசாயப் போதனாசிரியர் வந்தார். 1920க்கு அழைத்தால் விவசாயத் திணைக்களத்தில் தமிழிலும் பேசலாம், காசு எதுவும் இல்லை. அவர் செடியைப் பார்க்கவில்லை, உள்ளே வந்ததும் அண்ணாந்து கூரையைத்தான் பார்த்தார். திறப்புகள் எல்லாம் சேர்த்துத் தரைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும், மெல்லிய வலை அடித்தால் அதைவிடக் கூடுதலாக வேண்டும் என்றார். மின்சாரத்தையும் பார்த்தார். ஈரத் தரையில் மோட்டார் ஓடுகிறது, மின்சாரம் கசிந்தால் தானாக நிறுத்துகிற ட்ரிப் சுவிட்ச் வைக்கவே இல்லை. அதையும் அன்றைக்கே மாற்றினோம். உரத்தையும் டெக்னீசியன் ஒரே பரலில் கரைத்து வைத்திருந்தார். கல்சியம் நைத்திரேற்றையும் மக்னீசியம் சல்பேற்றையும் செறிவாக ஒன்றாகக் கலந்தால் வெள்ளையாகப் படிந்து சொட்டுக் குழாயை அடைத்துவிடும். அதனால்தான் இரண்டு பரல் வைப்பார்கள். இது படித்தவர்களுக்கு முதல் பாடம் என்றார் அவர்.

பொலித்தீன் விஷயம் தனி ஏமாற்று. பேசியது புற ஊதாக் கதிர் தாங்கும், 200 மைக்ரோன் (0.2 மில்லிமீற்றர்) தடிப்புள்ள பொலித்தீன். இரண்டாவது போகத்துக்குள் மஞ்சளித்து, மடிப்பில் நொறுங்கியது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், இங்கே வெயில் குறைவாகத் தெரிந்தாலும் புற ஊதாக் கதிர் கடுமை. 200 மைக்ரோன் பொலித்தீனில் ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் துண்டு ஏறக்குறைய 184 கிராம் நிறுக்கும். எங்களுடையதைக் கடைத் தராசில் போட்டோம். 110 கிராம். அதாவது 120 மைக்ரோன். கூரையில் ஏற்றுவதற்கு முன்னாலேயே ஒரு துண்டு வெட்டி, அவர்கள் கண் முன்னால் நிறுத்துப் பாருங்கள். சுருளில் ஒட்டியிருக்கிற லேபலையும் படம் எடுத்து வையுங்கள்.

வாங்கிக்கொள்வதாகச் சொன்ன வாக்கும் அப்படித்தான். ஒப்பந்தம் ஆங்கிலத்தில். வாசித்துக் காட்டியவர் "நாங்க வாங்குவோம்னு போட்டிருக்கு" என்றார். உள்ளே இருந்தது, சந்தை நிலவரத்தைப் பொறுத்துக் கொள்வனவு செய்ய முயற்சி செய்வோம் என்பது. முதல் பறிப்பில் ஒரு பகுதியை எடுத்தார்கள், அப்புறம் போன் எடுக்கவில்லை. தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிரதி தராதவர்களுக்கு முற்பணம் தராதீர்கள். கிலோ விலை, தரம், எத்தனை நாளில் காசு என்பது அதில் இருக்க வேண்டும்.

முறைப்பாடு பற்றி ஒரு முக்கியமான விஷயம். நுகர்வோர் அதிகார சபையிடம், 1977 இலக்கத்தில் விசாரித்தோம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளோ சேவையோ கிடைத்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். பெல் பெப்பர் நட்டு முதல் காய் பறிக்கவே இரண்டரை, மூன்று மாதம் போகிறது. குறை வெளியே தெரிவதற்குள் கெடு முடிந்துவிடுகிறது, கொம்பனிக்கு இது நன்றாகவே தெரியும். அதனால் கட்டி முடித்த வாரமே வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, இல்லாததை எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். நாங்கள் மத்தியஸ்த சபைக்குப் போனோம். அழைப்புக்கு அவர்கள் வரவே இல்லை. இணக்கம் காணப்படவில்லை என்ற சான்றிதழ் கையில் இருக்கிறது, அதை வைத்து வழக்குப் போடுகிறோம். இதே ஆட்களிடம் ஏமாந்தவர்கள் இருந்தால் வரைபடம், பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். லேபல் இல்லாத போத்தல்கள் இருந்தால் திறக்காமல், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள், அதுவும் சாட்சி.

ஏற்கெனவே இப்படி மூடிய கிரீன் ஹவுஸ் போட்டுவிட்டவர்கள் அதைப் பிரிக்க வேண்டியதில்லை. எங்கள் ஊர் வெல்டிங் பாஸைப் பிடித்து, முகட்டில் நீளவாக்கில் ஒரு பக்கத்தை இரண்டரை அடி உயர்த்தி, அந்த இடைவெளிக்கு வலை அடித்தோம். கம்பியும் கூலியும் சேர்த்து, கொம்பனி மருந்துக்கென்று வாங்கிய காசைவிடக் குறைவு. இப்போது உச்சி வெயிலில் 29க்கு மேல் போவதில்லை, பூ நிற்கிறது, மருந்து அடிப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. திறப்பைக் காற்று வருகிற பக்கம் வைக்காதீர்கள். இங்கே மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்துதான் பலமாக அடிக்கும், அதற்கு முதுகைக் காட்டி வடகிழக்குப் பக்கமாகத் திறக்க வேண்டும். ஏப்ரலுக்குள் வேலையை முடித்துவிடுங்கள், காற்று தொடங்கிய பிறகு முகட்டில் ஏறி வேலை செய்ய யாரையும் விடாதீர்கள்.