அப்பாயியும் சேர்ந்து பார்ப்பதென்றால்: ஆடம்ஸ் குடும்பமா, மிட்செல் குடும்பமா?

டிசம்பர் விடுமுறைக்கு அக்காவின் பிள்ளைகள் மூவரும் பொகவந்தலாவையிலிருந்து எங்கள் வீட்டுக்கு, இலங்கை மலையகத்தில் உள்ள தலவாக்கலைக்கு வந்திருந்தார்கள். மூன்று நாட்களாக விடாத மழை. வாசலில் கால் வைக்க வழியில்லை. காம்பரா என்று நாங்கள் சொல்லும் பக்கத்து வீட்டறைகளிலிருந்தும் நான்கு பிள்ளைகள் வந்து சேர, முன் காம்பராவில் பாய் விரித்து ஒரு படம் போட்டுக் காட்டலாம் என்று முடிவு செய்தேன். அப்பாவின் அம்மாவான அப்பாயியும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வயது 78. ஸ்டோர், பிரட்டு, செக்ரோல் என்று தேயிலைத் தோட்டத்துக்குள் புழங்கும் சொற்களைத் தாண்டி ஆங்கிலம் தெரியாது.

என் கையில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று ‘தி ஆடம்ஸ் ஃபேமிலி 2’. மற்றது ‘தி மிட்செல்ஸ் வெர்சஸ் தி மெஷின்ஸ்’. இரண்டும் 2021-இல் வந்த அனிமேஷன் நகைச்சுவைப் படங்கள். கதையின் அடித்தளமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஊரோடு ஒட்டாத ஒரு விசித்திரக் குடும்பம். தகப்பனை விட்டு மனத்தால் விலகிக்கொண்டிருக்கும் ஒரு மகள். எல்லோரையும் ஒரே வண்டியில் ஏற்றி அமெரிக்காவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓட்டிப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பும் தகப்பன். அதனால்தான் எதைப் போடுவது என்று அரை மணி நேரம் யோசித்தேன். கடைசியில் ஆடம்ஸ் குடும்பத்தைப் போட்டேன். மறுநாள் இரவு மூத்த பிள்ளைகளோடு மிட்செல்ஸையும் பார்த்தேன். இப்போதும் என் முடிவு மாறவில்லை.

எல்லோரும் சொல்வதை முதலில் சொல்லிவிடுகிறேன். படைப்பு என்று பார்த்தால் மிட்செல்ஸ்தான் மேல். சோனி நிறுவனம் தயாரித்து நெட்பிளிக்ஸில் வெளியான படம். ஆஸ்கார் பரிந்துரை வரை போனது, அந்த ஆண்டுப் பரிசு ‘என்காண்டோ’வுக்குக் கிடைத்தது. ஆடம்ஸ் 2-க்கு விமர்சகர்கள் அப்படி ஒன்றும் கை தட்டவில்லை. 2019-இல் வந்த முதல் பாகத்தைப் பார்க்காதவர்களுக்கும் இரண்டாம் பாகம் விளங்கும்; எங்கள் வீட்டில் ஒருவரும் முதல் பாகத்தைப் பார்த்திருக்கவில்லை. நீளம் 93 நிமிடம். மிட்செல்ஸ் இரண்டு மணி நேரத்தை நெருங்குகிறது. ஒன்பது மணிக்குப் படுத்து நான்கரைக்கு எழும்பும் வீட்டில் அந்த வித்தியாசமும் கணக்கில் வரும்.

ஆனால் என் தேர்வைத் தீர்மானித்தது வேறொன்று. படத்தை எத்தனை இடத்தில் நிறுத்தித் தமிழில் சொல்ல வேண்டியிருக்கும்? எங்களைப் போன்ற வீடுகளில் ஆங்கிலப் படம் என்றால் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வர வேண்டும். சொல்பவர் ஒரு வசனத்தைச் சொல்லி முடிப்பதற்குள் திரையில் மூன்று வசனம் ஓடியிருக்கும். பிள்ளைகள் திரையை விட்டுச் சொல்பவரின் வாயைப் பார்க்கத் தொடங்கினால் அந்தப் படம் அதோடு முடிந்தது. ஆகவே வீட்டோடு பார்க்கப் படம் தேர்ந்தெடுக்கும்போது, பாட்டையும் பரிசையும் விட இதையே நான் முதலில் பார்க்கிறேன்.

ஆடம்ஸ் 2-ஐ மூன்றே இடத்தில்தான் நிறுத்தினேன்.

காரணம் அந்தக் குடும்பத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. சார்லஸ் ஆடம்ஸ் 1938 முதல் நியூயார்க்கர் இதழில் வரைந்த கேலிச்சித்திரங்களில் பிறந்தவர்கள் இவர்கள். பார்த்த மாத்திரத்தில் சிரிப்பு வரவேண்டும் என்று வரையப்பட்ட உருவங்கள். திங் என்பது வெறும் கை. விரல்களால் ஓடும், சைகை காட்டும். லர்ச் என்ற நெட்டை வேலைக்காரனுக்கு முனகல்தான் மொழி. இட் என்ற உறவினர் தலை முதல் கால் வரை மயிர். அவர் பேசுவது எந்த மொழிக்காரருக்கும் புரியாது. அவர் வாயைத் திறந்தபோது பக்கத்துக் காம்பராச் சிறுவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். “இது ஆங்கிலம் இல்லை, யாருக்கும் விளங்காது” என்றேன். அவன் முகம் மலர்ந்ததைச் சொல்ல வேண்டும். அந்த ஓர் ஆளின் முன்னால் உலகத்துப் பிள்ளைகள் எல்லோரும் சமம். படம் முழுக்க முனகிக்கொண்டிருந்த லர்ச், மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடும் ஒரு மதுக்கடையில் திடீரென்று பாட ஆரம்பிக்கும்போதும் அப்படித்தான். பாட்டின் சொல் ஒன்றும் தெரியாமலே ஏழு பேரும் எழுந்து ஆடினார்கள்.

நிறுத்திய முதல் இடம் தொடக்கத்திலேயே வருகிறது. மகள் வெட்னஸ்டே பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சியில் ஓர் ஆராய்ச்சி செய்து காட்டுகிறாள். தான் வளர்க்கும் கணவாய் மீனின் அறிவைச் சித்தப்பா ஃபெஸ்டருக்கு ஏற்றுகிறாள். அவளுக்கு முதற்பரிசு இல்லை. கலந்துகொண்ட எல்லோருக்கும் ஒரே பரிசு என்று அறிவித்துவிடுகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இது பிடிபடவில்லை. புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்தால் ஒன்றுமே இல்லை என்று ஐந்தாம் தரத்திலேயே கற்றுக்கொண்ட பிள்ளைகள். எல்லோருக்கும் பரிசு கொடுத்தால் ஏன் ஒருத்தி கோபப்பட வேண்டும் என்று கேட்டார்கள். விளக்கப் பார்த்தேன். விளங்கியதா என்று தெரியவில்லை.

இரண்டாவது இடத்தில் நிறுத்தச் சொன்னது அப்பாயி. குடும்பம் மூன்று வாரப் பயணத்துக்குப் புறப்படும் நேரத்தில் ஒரு வக்கீல் வாசலில் வந்து நிற்கிறான். வெட்னஸ்டே பிறந்த ஆஸ்பத்திரியில் குழந்தைகள் மாறிப் போயிருக்கலாம், அவள் உங்கள் பிள்ளைதானா என்று பரிசோதனை செய்து நிரூபிக்க வேண்டும் என்கிறான்.

“ஏன் ராசா, கடுதாசியோடு வந்திருக்கிறவன் என்ன கேட்கிறான்?”

“இந்தப் பிள்ளை இவர்களுடைய பிள்ளைதானா என்று அத்தாட்சி கேட்கிறான், அப்பாயி.”

சுவரில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கொடுக்க வேண்டாம் என்று சொல். வண்டியை எடுக்கச் சொல்” என்றார். திரையில் அவர்களும் அதையே செய்தார்கள். அதன் பிறகு படம் முடியும் வரை அவருக்குக் கதையை விளக்க நான் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவருக்கு ஏன் அது உடனே புரிந்தது என்று இந்த மலைகளில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். 1948-இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம், நீ இந்த மண்ணுக்குரியவன் என்றால் உன் தகப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி காட்டு என்றது. லயத்தில், தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த தகப்பனுக்கு யார் கடுதாசி எழுதி வைத்தார்கள்? 1964-இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளித் தோட்ட மக்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே என்று பங்கு பிரித்தது. அப்பாயியின் அக்கா குடும்பம் அந்தக் கணக்கில் போனது. கோச்சியில் (ரயிலில்) தலைமன்னாருக்குப் போய் அங்கிருந்து கப்பல். அந்தக் கோச்சிகளுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். அக்காவும் தங்கையும் அதற்குப் பிறகு ஒருவரையொருவர் பார்க்கவில்லை. குடியுரிமைப் பிரச்சினை சட்டத்தில் தீர 2003 வரை ஆனது.

படம் எடுத்தவர்கள் இதையெல்லாம் நினைத்திருக்க முடியாது. அவர்களுக்கு அது கதையை ஓட்ட ஒரு முடிச்சு. ஆனால் குடும்பத்தைத் துரத்திக்கொண்டு ஒரு கடுதாசி ஊர் ஊராக வரும் கதை அப்பாயிக்கு முன்பே தெரிந்த கதை. அவர் வெட்னஸ்டேயைப் ‘புதன் பிள்ளை’ என்று கூப்பிடத் தொடங்கினார். பெயரின் பொருளை நான்தான் சொன்னேன், மிச்சமெல்லாம் அவரே.

இதில் ஒரு காட்சி உண்டு. வெட்னஸ்டே பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் குழந்தைகளைச் சிரிக்க வைப்பதற்காக அவர்களைப் பந்து போலத் தூக்கிப் போட்டு விளையாடியதாகவும், திரும்ப அந்தந்தத் தொட்டிலில்தான் வைத்தேனா என்று தெரியாது என்றும் ஃபெஸ்டர் ஒப்புக்கொள்கிறான். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். அப்பாயியும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்குவதையும், பால் கொடுக்க மலையிலிருந்து கூடையோடு இறங்கி ஓடி வந்தால் வாசலுக்கு வருமுன்பே தன் பிள்ளையின் அழுகை தனியாகக் கேட்கும் என்பதையும் சொன்னார். தொட்டிலில் கிடந்தவர் என் அப்பா. இதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. படத்தை நானே நிறுத்தி வைத்துக்கொண்டு கேட்டேன். அதை அந்த மூன்றில் சேர்க்கவில்லை.

மூன்றாவது இடம் முடிவுக்குச் சற்று முன்னால், தன்னை வெட்னஸ்டேயின் தகப்பன் என்று சொல்லிக்கொள்ளும் சைரஸ் ஸ்ட்ரேஞ்ச் மிருகங்களையும் மனிதர்களையும் கலந்து என்ன செய்யப் பார்க்கிறான் என்பது. அங்கே கதை அவசரமாக ஓடுகிறது. பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால், பிள்ளை கடைசியில் ஆடம்ஸ் வீட்டுப் பிள்ளைதான் என்பதை முன்கூட்டியே காதில் போட்டுவிடுங்கள். அப்பாயி அந்த இருபது நிமிடமும் கம்பளியின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

குறைகளும் உண்டு. வண்டி ஊர் ஊராக நிற்கிறது, ஆனால் எந்த ஊரும் மனத்தில் நிற்பதில்லை. நயாகராவில் நின்றபோது பிள்ளைகள் “சென்கிளேயர்! சென்கிளேயர்!” என்று கத்தினார்கள். சுற்றுலாப் புத்தகங்கள் சின்ன நயாகரா என்று எழுதும் சென்கிளேயர் அருவியை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்து வளர்ந்தவர்கள். மேல் கொத்மலை மின்திட்டம் 2012-இல் வந்த பிறகு மெலிந்துபோன நீரைத்தான் இவர்கள் பார்த்திருக்கிறார்கள். திரையில் அவ்வளவு தண்ணீரைக் கண்டதும் வாய் பிளந்து நின்றார்கள். படமோ அங்கே இன்னும் கொஞ்ச நேரம் நிற்கவில்லை. வெட்னஸ்டே முகம் மாறாமல் சொல்லும் கூர்மையான வசனங்களும் தமிழில் சொன்னால் பாதி உதிர்ந்துவிடுகின்றன. வெட்னஸ்டே தன் தம்பியை வெடி வைத்து, கழுத்தை நெரித்து விளையாடும் காட்சிகள் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்குமா என்று கேட்டால், எங்களிடம் இருந்த ஐந்து வயதுப் பிள்ளை ஒருத்தி பயப்படவில்லை என்பது வரைதான் சொல்ல முடியும். ஒரு பிள்ளையை வைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்வது முறையல்ல.

இனி மிட்செல்ஸ். படம் எடுக்கும் ஆசை கொண்ட கேட்டி, கலிபோர்னியாவில் கல்லூரிக்குப் போகவேண்டிய நேரம். அவளுடைய விமானப் பயணத்தை ரத்துசெய்துவிட்டு, குடும்பத்தோடு காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறார் தகப்பன். வழியில் இயந்திரங்கள் மனிதர்களைப் பிடிக்கத் தொடங்குகின்றன. இந்தக் குடும்பம் மட்டும் தப்புகிறது. கேட்டி மனத்தில் ஓடுவதெல்லாம் கிறுக்கலாகவும் எழுத்தாகவும் திரையிலேயே முளைக்கிறது. அதுதான் படத்தின் அழகு. எங்களுக்குச் சிக்கலும் அதுதான். காதில் ஒரு நகைச்சுவை, திரையில் எழுத்தில் இன்னொன்று, இரண்டும் ஆங்கிலம். முதல் அரை மணி நேரத்தில் பதினான்கு முறை நிறுத்தினேன். மோஞ்சி என்ற நாயைப் பார்த்து, நாயா, பன்றியா, பாணா (ரொட்டியா) என்று ரோபோக்கள் குழம்பிப் போகும் இடங்களில் மட்டும் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. சின்னவர்கள் ஒவ்வொருவராகத் தூங்கிவிட்டார்கள்.

தூங்காதவள் அக்காவின் மூத்த மகள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள். முடிவு நல்லபடி வந்தால் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்துக்கு வீட்டை விட்டுப் போகப் போகிறவள். தகப்பன் மகளுக்காகச் செதுக்கிக் கொடுத்த மர மான் பொம்மையும், மகள் பிறந்த பிறகு அவர் தன் கையாலேயே கட்டிய காட்டு வீட்டை விட்டுவிட்டு வந்த பழைய காட்சியும் வந்தபோது அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டை விட்டுப் போகும் வயதில் ஒரு பெண் இருக்கும் வீட்டில், ஆங்கிலம் ஓரளவு ஓடும் என்றால், நான் சொன்னதையெல்லாம் விட்டுவிட்டு மிட்செல்ஸைப் போடுங்கள்.

மறுநாள் காலை அவள், “மாமா, இதை அப்பாவுக்குக் காட்ட வேண்டும்” என்றாள். அத்தான் கொழுந்து லொறி ஓட்டுபவர். படம் பார்க்க உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் கண் அயர்ந்துவிடுவார். இரண்டு பேரும் உட்கார்ந்து மறுபடியும் படத்தை ஓட்டி, எங்கெங்கே நிறுத்தி அவருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு கொப்பியில் குறித்தோம். எழுத்து நகைச்சுவைகளை அப்படியே விட்டுவிடலாம் என்று அவள்தான் சொன்னாள். இப்போது பதினொரு இடத்துக்குக் குறைந்திருக்கிறது. மர மான் வரும் இடத்தில் அவள் எதுவும் குறிக்கவில்லை.