ஈகோ, ஆல்டர், ஏலியஸ்: ஆங்கிலச் சொல்வளத்துக்கு எந்த வழி?

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் ஆங்கிலச் சொற்களை மூன்று வழிகளில் சேர்க்கிறார்கள். பட்டியலை மனப்பாடம் செய்வது, லத்தீன் வேர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு போவது, நிறைய வாசிப்பது. 'தான்', 'பிறர்' என்ற பொருள் தரும் சொற்களை வைத்து மூன்றையும் உரசிப் பார்க்கலாம்.

பட்டியல் வேகமானது. தேர்வுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது என்றால் வேறு வழியில்லை. ஆனால் படித்தது நிற்காது.

எனக்குப் பிடித்தது வேர்ச்சொல் வழி. லத்தீனில் 'ஆல்டர்' என்றால் இருவரில் மற்றவர். 'ஏலியஸ்' என்றால் பலரில் வேறொருவர். இந்த வேறுபாடு தெரிந்துவிட்டால், 'ஆல்டர்னேட்' ஏன் மாறி மாறி வருவதைக் குறிக்கிறது, 'ஆல்டர்கேஷன்' ஏன் வாய்ச்சண்டை என்பதெல்லாம் தானே விளங்கும்: ஒருவர் ஒரு வார்த்தை சொல்ல, மற்றவர் பதிலுக்குச் சொல்கிறார். ஏலியஸ் பக்கம் போனால் ஏலியன் (அந்நியர்), ஏலியாஸ் (மாற்றுப் பெயர்), அப்புறம் அலிபை. லத்தீனில் அலிபைக்கு 'வேறிடத்தில்' என்றுதான் பொருள். 'கொலை நடந்தபோது நான் வேறு ஊரில் இருந்தேன்' என்று கைதி சொல்வது அதுதான்.

தமிழருக்கு இது புதிய வித்தையும் அல்ல. 'சூயிசைட்' என்பதில் 'சூயி' தன்னை, 'சைட்' கொலை. நம் 'தற்கொலை'யும் தன் + கொலைதான். தற்பெருமை, தற்காப்பு, தன்னலம் என்று ஒரு 'தன்'னை வைத்து எத்தனை சொற்களைப் புழங்குகிறோம்!

ஆனால் வேரை மட்டும் நம்பி அர்த்தத்தை ஊகிக்கக் கூடாது. 'சாலிட்யூட்' தனிமை, 'சோலஸ்' என்ற வேரிலிருந்து வந்தது. 'சோலார்' வேறு குடும்பம், அது சூரியன். 'அடல்ட்' (வயது வந்தவர்) என்ற சொல்லுக்கும் 'அடல்டரி'க்கும் (மணத்துக்கு வெளியே கள்ள உறவு) வேரில் உறவே கிடையாது. 'எக்ரீஜியஸ்' இன்னும் மோசம். 'கிரெக்ஸ்' என்றால் மந்தை. மந்தையிலிருந்து தனித்து நிற்பது என்ற பொருளில் ஒரு காலத்தில் பாராட்டாக இருந்த சொல், இன்று படுமோசமான தவறைக் குறிக்கிறது. வேர் சரியாகத் தெரிந்தவரும் இதில் வழுக்கி விழுவார்.

வாசிப்பு ஜெயிப்பது இங்கேதான். 'ஈகோயிஸ்ட்', 'ஈகோட்டிஸ்ட்' இரண்டுக்கும் வேர் ஒன்றே, 'ஈகோ', அதாவது நான். பட்டியலில் இரண்டுக்குமே 'அகந்தை பிடித்தவர்' என்று போட்டிருப்பார்கள். தன் நலனையே அளவுகோலாகக் கொள்பவர் முன்னவர். வாய் திறந்தால் தன்னைப் பற்றியே பேசுபவர் பின்னவர். நாலு கட்டுரைகளில் எதிர்ப்பட்டால்தான் இது மனதில் பதியும். என்ன, வாசிப்புக்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

ஆறு மாத அவகாசம் உள்ளவருக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் வாசியுங்கள். புதிய சொல் வந்தால் அகராதியில் பொருளையும் வேரையும் பாருங்கள். நோட்டில் ஆல்டருக்கு ஒரு பக்கம், ஏலியஸுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, வாசித்த வாக்கியத்தோடு சேர்த்து எழுதுங்கள். பட்டியலைக் கடைசி வாரத்தில் திருப்பிப் பார்க்க வைத்துக்கொள்ளலாம்.