பொங்கல் விழா: அலுவலகத்திலா, ஈசிஆர் ரிசார்ட்டிலா?

ரிசார்ட் என்றதும் இளவட்டம் துள்ளும். நீச்சல் குளம், டிஜே, பஃபே எல்லாம் சரிதான். ஆனால் ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து மாமல்லபுரம் போய்வர 100 கிலோமீட்டருக்கு மேல். அதுவும் சனிக்கிழமை என்றால் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் நைசாகக் கழன்றுகொள்வார்கள்.

அலுவலகத்திலேயே, போகிக்கு முந்தைய வேலைநாளில், மதியம் 12 மணிக்குக் கணினியை மூடச் சொல்லிப் பாருங்கள். வேட்டி நழுவாமலிருக்க பெல்ட் கட்டிய டீம் லீடர், கலர்ப்பொடியோடு மல்லுக்கட்டும் அக்கவுண்ட்ஸ்காரர்கள், உறியடி, வாழையிலைச் சாப்பாடு என்று களைகட்டும். ஹவுஸ்கீப்பிங் அக்காவும் செக்யூரிட்டி அண்ணனும் பந்தியில் உட்காரலாம். ரிசார்ட் பட்டியலில் அவர்கள் பெயர் பெரும்பாலும் இருக்காது. பொங்கப்பானையை மட்டும் வாசலில் வையுங்கள், உள்ளே வைத்தால் ஸ்மோக் அலாரம் குலவை போடும்.

15 பேருக்குள் சின்ன டீம் என்றால் ரிசார்ட்டே மேல். ஒரு வேன் போதும்.