தராசு, செயலி, கைக்கடிகாரம்: எடைக் குறைப்பில் எது எவ்வளவு உதவியது

எடையைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்தபோது மூன்று பொருள்கள் வாங்கினேன், இறக்கினேன்: ஒரு சமையல் தராசு, கைபேசியில் கலோரிக் கணக்குச் செயலி, நடந்த அடிகளை எண்ணும் ஒரு கைக்கடிகாரம். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன். 80 கிலோவாக இருந்தவள் இப்போது 68 கிலோவை ஒட்டி நிற்கிறேன். இடுப்புச் சுற்றளவு 98 சென்டிமீட்டரிலிருந்து 86-க்கு வந்திருக்கிறது. முதல் ஆண்டில் ஒன்பது கிலோ, அதற்கப்புறம் மூன்று கிலோ. வேகம் இவ்வளவுதான், இதற்கு மேல் வேகம் தேவையும் இல்லை. மூன்றில் ஒன்றை மட்டும் வாங்கப் போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் தராசை வாங்குங்கள்.

நான் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில். செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலை அலுவலகத்தில் கணக்கு வேலை. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருப்பேன். என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் விடியற்காலைப் பிரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடும் வரிசைக்கு நின்று, மதியம் வரை மேடு பள்ளம் ஏறி இறங்கிப் பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். அவர் தட்டில் இருந்த சோற்றின் அளவு எங்கள் வீட்டில் அப்படியே தங்கிவிட்டது, தோட்டத்து வெளிக்காட்டு வேலை மட்டும் போய்விட்டது. 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையிலோ உடல் பருமனிலோ இருப்பதாகவும், 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகவும் சொல்கிறது. எங்கள் வீட்டில் இரண்டும் இருந்தன. எனக்கு எடை, கணவருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு.

அதனால் எதையும் தொடங்குவதற்கு முன் இருவரும் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனோம். ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். சாப்பாட்டைக் குறைக்கப் போகிறோம், நடக்கப் போகிறோம் என்று டாக்டரிடம் சொன்னதும் அவர் முதலில் பார்த்தது கணவரின் மருந்து அட்டையைத்தான். மெட்ஃபார்மினுடன் கிளிக்லசைடும் இருந்தது. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று தாழ்வது அபூர்வம். கிளிக்லசைடு அப்படியில்லை. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும், நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது. சோற்றைக் குறைத்துவிட்டுப் பழைய அளவு மாத்திரையையே போட்டுக்கொண்டு நடக்கப் போனால் வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், மயக்கம் வரும். டாக்டர் அளவைக் குறைத்துக் கொடுத்தார். சட்டைப் பையில் குளுக்கோஸ் இல்லாமல் நடக்கப் போகக் கூடாது என்று மிஸ்ஸி (தாதி) தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இனிப்பு நீர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் தயவுசெய்து இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இனி என் கணக்கு. உடல் சும்மா இருந்தாலே எவ்வளவு எரிக்கும் என்பதை மதிப்பிட 1990-இல் வந்த மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரத்தைப் பல செயலிகள் பயன்படுத்துகின்றன. பெண்களுக்கு: எடையைப் பத்தால் பெருக்கி, உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழித்து, அதிலிருந்து 161-ஐயும் கழிக்க வேண்டும். ஆண்களுக்கு 161-ஐக் கழிப்பதற்குப் பதில் ஐந்தைக் கூட்ட வேண்டும். 80 கிலோ, 158 சென்டிமீட்டர், 47 வயது என்று போட்டால் எனக்கு 1,390 வந்தது. உட்கார்ந்து வேலை செய்து கொஞ்சம் நடப்பவர்களுக்கு அதை 1.375-ஆல் பெருக்குவார்கள். ஏறத்தாழ 1,900 கலோரி. அதில் 400-ஐக் குறைத்து 1,500 என்று வைத்துக்கொண்டேன். ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்பதால், தாளில் மாதத்துக்கு ஒன்றரை கிலோ குறைய வேண்டும். வாரத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை பாதுகாப்பான வேகம் என்பார்கள். நான் அதற்கும் சற்றுக் கீழே. பெண்கள் 1,200-க்கும் ஆண்கள் 1,500-க்கும் கீழே மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் போகக் கூடாது என்பது பொதுவான எல்லை.

தராசுக்கு வருகிறேன். ஐந்து கிலோ வரை தாங்கும், கிராம் கிராமாகக் காட்டும் சாதாரணத் தராசு. முதல் வாரத்தில் நான் சாப்பாட்டை மாற்றவே இல்லை, வழக்கம்போல் சமைத்து எல்லாவற்றையும் நிறுத்து மட்டும் பார்த்தேன். என் மாமியார், "என்னம்மா, சோத்தை மருந்து மாதிரி நிறுத்துப் போடுறே?" என்றார். ஆனால் அந்த வாரம் காட்டியதில் சோறு இரண்டாவது இடத்தில்தான் இருந்தது. முதலிடம் எண்ணெய்க்கு.

எண்ணெயை நிறுக்க ஒரு வழி இருக்கிறது. எண்ணெய்ப் போத்தலைத் தராசில் வைத்து, தராசு காட்டும் அளவைப் பூஜ்யமாக்கிவிடுங்கள். போத்தலை எடுத்துச் சட்டியில் ஊற்றிவிட்டுத் திரும்ப வைத்தால், கழித்தல் குறியோடு ஓர் எண் வரும். அதுதான் ஊற்றிய அளவு. கோழிக்கறிக்கு நான் கண்ணளவாக ஊற்றியது 60 கிராம். கொழுப்பு ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரி, ஆக தாளிப்புக்கே 540. அதே கறியில் கெட்டியான தேங்காய்ப் பால் 200 மில்லிப் பெட்டி ஒன்று போனால் இன்னொரு 400 கலோரியை ஒட்டி வரும். இரண்டு கரண்டி எண்ணெயிலும் வெங்காயம் நன்றாக வதங்கும், பக்கத்தில் நின்று தண்ணீர் தெளித்துக் கிண்டினால் போதும். தேங்காய்ப் பாலில் பாதியைத் தயிராக மாற்றினேன். வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை.

அடுத்து தே தாரிக், இழுத்து ஆற்றும் பால் தேநீர். கடையில் ஊற்றுவதுபோலவே வீட்டில் டின் பாலை (இனிப்புக் கட்டிப் பால்) ஊற்றி நிறுத்தேன். ஒரு குவளைக்கு 40 கிராம் போனது, 130 கலோரி. காலையில் ஒன்று, அலுவலகத்தில் பத்து மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று. மூன்றும் சேர்ந்தால் நான் ஒரு நாளில் குறைக்க நினைத்த 400 கலோரி அப்படியே வந்துவிடுகிறது! காலைத் தே தாரிக்கை விடவில்லை, விடவும் மாட்டேன். மற்ற இரண்டும் கோப்பி ஓ கோசோங், அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி ஆயின. வாயில் பழக ஒரு மாதம் பிடித்தது. அதுவரை 'குராங் மானிஸ்' (இனிப்புக் குறைவாக) சொல்லிக் குடித்தேன்.

செயலியைப் பற்றி எனக்குக் கலவையான கருத்துதான். தினமும் எழுத வைக்கிறது, வாரச் சராசரி காட்டுகிறது, அதெல்லாம் நல்லது. ஆனால் உணவுப் பட்டியலில் பெரும்பகுதி பயனர்களே ஏற்றியது. ஒரே ரொட்டி சானாய்க்கு (பரோட்டா) ஆளுக்கொரு எண் போட்டிருக்கிறார்கள். வெறும் ரொட்டி ஒன்றுக்கு 300 கலோரி என்று வைத்துக்கொள்வது நியாயமான மதிப்பு, பருப்பும் கறியும் தனி. சோற்றில் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. நூறு கிராம் அரிசி 360 கலோரி, நூறு கிராம் சோறு 130 கலோரி. சோற்றை நிறுத்துவிட்டு அரிசி என்ற வரியைத் தொட்டால் கணக்கு மூன்று மடங்காகிவிடும். பலர் "எவ்வளவு குறைத்தாலும் கணக்கு தாண்டுகிறது" என்று அலுத்துக்கொள்வது இதனாலும் இருக்கலாம்.

நம் வீட்டுச் சமையலுக்குச் செயலியின் பட்டியலை நம்பாமல் நானே ஏற்றிக்கொண்டேன். சட்டிகளின் வெற்று எடையை எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். சமைத்து முடித்ததும் சட்டியோடு நிறுத்து, வெற்று எடையைக் கழித்தால் கறியின் எடை. போட்ட பொருள்களின் மொத்தக் கலோரியை அதனால் வகுத்துவிட்டால் கிராமுக்கு இவ்வளவு என்று வந்துவிடும். ஒரு முறை செய்தால் போதும். நம் வீடுகளில் சுழற்சியாக வருவது பத்துப் பன்னிரண்டு கறிதானே. கல்யாண வீட்டிலும் கோவில் அன்னதானத்திலும் தராசைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அங்கே சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' முறை போதும்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, பாதி காய்கறியும் பழமும்.

கைக்கடிகாரத்தை அடி எண்ணவும் இதயத் துடிப்பு பார்க்கவும் வைத்துக்கொள்ளலாம். அதன் கலோரி எண்ணை மட்டும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2017-இல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தினர் மணிக்கட்டில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பில் ஆறு கருவிகளின் பிழை ஐந்து விழுக்காட்டுக்குள் இருந்தது. கலோரியிலோ, இருப்பதில் நல்ல கருவியே சராசரியாக 27 விழுக்காடு தவறியது. என் கடிகாரம் ஒரு மணி நேர நடைக்கு 330 காட்டும். 75 கிலோ உள்ளவர் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் ஏறத்தாழ 260 கலோரி செலவாகும். அதிலும் எழுபத்தைந்து கலோரி சும்மா உட்கார்ந்திருந்தாலே எரிந்திருக்கும். நடையால் கூடுதலாகக் கிடைப்பது 190 அளவுதான்.

அலுவலகத் தங்கச்சி ஒருத்தி என்னைப் பார்த்து நடக்கத் தொடங்கியவள், "அக்கா, வாட்ச் முந்நூத்துச் சொச்சம் காட்டுது. அப்போ ஒரு ரொட்டி சானாய் சாப்பிடலாந்தானே?" என்று கேட்டாள். சாப்பிடு, ஆனால் அன்றைய 1,500-க்குள் சாப்பிடு என்றேன். நடந்ததற்குக் கூலியாக ரொட்டியைச் சேர்த்தால் குறைத்த 400-இல் பெரும்பகுதி போய்விடும். தினசரி நடமாட்டம் அந்த 1.375-க்குள் ஓரளவு ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அப்படியானால் உடற்பயிற்சி எதற்கு? என் அனுபவத்தில், குறைவது கொழுப்பாக இருக்க வேண்டும், தசையாக இருக்கக் கூடாது என்பதற்காக. கலோரி போதாதபோது உடல் இரண்டையும் எடுக்கும். தசையைக் காப்பாற்ற எடை தூக்குவதும் புரதமும் வேண்டும். வாரத்தில் ஐந்து மாலை திடலைச் சுற்றி நடை, மழை என்றால் வீட்டு ஐந்தடியில் (முன் தாழ்வாரம்). இரண்டு நாள் நான்கு கிலோ டம்பெல் இரண்டு, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றி அழுத்துவது. உலக சுகாதார நிறுவனமும் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான பயிற்சி, இரண்டு நாள் தசைப் பயிற்சி என்றுதான் சொல்கிறது. புரதம் ஒரு நாளைக்கு 90 கிராம் அளவுக்கு வைத்துக்கொண்டேன். இரண்டு முட்டையில் 12, நூறு கிராம் தெம்பேயில் (நொதிக்க வைத்த சோயாக் கட்டி) 19 அளவு, ஒரு துண்டு கோழி, ஒரு கெம்போங் மீன், மிச்சம் பருப்பிலும் தயிரிலும். விலை அதிகமில்லாத புரதத்துக்குத் தெம்பேயைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. மிளகாய்த் தூள், மஞ்சள் பிரட்டி, எண்ணெய் தடவிய தோசைக் கல்லில் வாட்டிப் பாருங்கள். கணவருக்கு இப்போது சம்பலைவிட அதுதான் பிடிக்கிறது.

புரட்டாசியில் நாங்கள் மரக்கறிதான். அந்த மாதம் முட்டையும் மீனும் போய்விடுவதால் தெம்பேயையும் தவ்வையும் (டோஃபு) கூட்டிக்கொள்கிறேன்.

வேகமாகக் குறைப்பதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். உடன் வேலை செய்பவர் ஒருவர், தெரிந்தவர் விற்ற தூளைக் கரைத்துக் குடித்து, ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு, இரண்டு மூன்று மாதத்தில் மளமளவென்று இளைத்தார். எல்லாரும் அவரைத்தான் பாராட்டினோம். பிறகு வலது விலாவுக்குக் கீழே வலி, பித்தப்பையில் கல், அறுவை சிகிச்சை. வேகமாக எடை குறைந்தால் பித்தக்கல் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். முடி கொத்தாக உதிர்வது, எழுந்தால் கண் இருட்டுவது, மாதவிலக்கு தப்புவது, எப்போதும் குளிர்வது, இவற்றில் ஏதாவது வந்தால் கலோரியைக் கூட்டிவிட்டு டாக்டரைப் பாருங்கள். எடை காத்திருக்கும்.

எடை நகராமல் நின்ற காலமும் உண்டு. 70-ஐத் தொட்டதும் இரண்டு மாதம் அசையவில்லை. சூத்திரத்தில் புதிய எடையையும் வயதையும் போட்டுப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். இப்போதைய 68 கிலோ, 49 வயதுக்கு என் தேவை 1,735 அளவு. இதில் 1,500 சாப்பிட்டால் வித்தியாசம் 400 இல்லை, 235-தான். உடம்பு சிறியதானால் அதன் செலவும் சிறியதாகும். நான் சாப்பாட்டை மேலும் வெட்டவில்லை, நடையைப் பத்து நிமிடம் கூட்டினேன். தீபாவளி வாரத்தில் முறுக்கும் பலகாரமும் திறந்த இல்ல விருந்துகளும் முடிந்து ஏறி நின்றால் ஒன்றரை கிலோ கூடியிருக்கும். பெரும்பாலும் உப்பும் மாவும் பிடித்து வைத்த தண்ணீர், பத்து நாளில் தானே வடிந்துவிடும். அதற்காகப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

என் உடல் எடைக் குறியீடு 32-இலிருந்து 27.2-க்கு வந்திருக்கிறது. ஆசியர்களுக்கு 27.5-க்கு மேல் ஆபத்து அதிகம், 23-இலிருந்தே கவனம் தேவை என்பதால் இன்னும் போக வேண்டும். ஆனால் இந்த ஆண்டு குறைக்கப் போவதில்லை. 1,700 அளவில் சாப்பிட்டு இதே எடையில் நிற்கப் பழகுகிறேன். செயலியை நிறுத்திவிட்டேன். தராசை எண்ணெய்க்கும் சோற்றுக்கும் மட்டும் எடுக்கிறேன். சனிக்கிழமை காலையில் எடை பார்ப்பேன், 70-ஐத் தாண்டி இரண்டு வாரம் நின்றால் மறுபடி எல்லாவற்றையும் நிறுக்கத் தொடங்குவேன். கணவருக்கு அடுத்த மாதம் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. கிளிக்லசைடை முழுதாக நிறுத்தலாமா என்று அதைப் பார்த்துத்தான் டாக்டர் சொல்வார்.