ரோமப் பேரரசு உருவான கதை: வீடியோவா, பாடப்புத்தகமா, பாலிபியஸா?

வீட்டிலேயே படிக்கும் பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ரோமைச் சொல்லிக்கொடுக்க மூன்று வழிகள் உண்டு. ஆவணப்பட வீடியோக்களைப் போட்டுக் காட்டி, நடுநடுவே நிறுத்திப் பேசலாம். பாடப்புத்தகம் ஒன்றை எடுத்து வரிசையாக முடிக்கலாம். இல்லையென்றால் பாலிபியஸ், லிவி போன்ற பழைய வரலாற்றாசிரியர்களின் எழுத்தையும் இத்தாலியின் வரைபடத்தையும் மேஜையில் விரித்து, பிள்ளையோடு உட்கார்ந்து படிக்கலாம். என் மகனுக்கு நான் மூன்றாவதைத்தான் எடுத்தேன். இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டி வந்தாலும் அதையே எடுப்பேன்.

வீடியோவின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கவசமும் முற்றுகைக் கருவியும் கண்ணால் பார்த்தால் சட்டென்று புரியும். ஆனால் பெரும்பாலானவை சீசரில் ஆரம்பித்து நீரோ, கொலோசியம் என்று போய்விடுகின்றன. கி.மு. 49இல் சீசர் ரூபிகன் ஆற்றைக் கடந்து உள்நாட்டுப் போரைத் தொடங்கியபோதே ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா, கிரேக்கம், சிரியா வரை ரோமின் கை நீண்டிருந்தது. சீசர் கதை, கட்டி முடித்த வீட்டுக்காக நடந்த பங்காளிச் சண்டை. வீடு எப்படிக் கட்டப்பட்டது என்பது அதற்கு முந்தைய முந்நூறு வருடத்துச் சங்கதி.

பாடப்புத்தகம் தேர்வு எழுதப்போகும் பிள்ளைக்குத் தவிர்க்க முடியாதது. என்.சி.இ.ஆர்.டி. பதினொன்றாம் வகுப்பு உலக வரலாற்றில் மூன்று கண்டங்களில் பரவிய பேரரசு என்று ரோமுக்கே ஒரு பாடம் இருக்கிறது. அடிமை உழைப்பு, வணிகம், நகர வாழ்க்கை என்று நல்ல செய்திகள் அதில் நிறைய. ஆனால் அது பேசுவது பெரும்பாலும் முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்திலிருந்து, அதாவது எழுந்து நின்றுவிட்ட பேரரசைப் பற்றி. எப்படி எழுந்தது என்ற கேள்விக்கு நாம் வேறு இடம்தான் தேட வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு சோதனை: ரோம் தோற்ற கதையை இந்த வழி விளக்குமா? வெற்றிகளை எந்த வழியும் சொல்லிவிடும். ரோம் ஜெயித்தது, ஏனென்றால் அதன் படை பலமானது என்று பிள்ளையும் எழுதிவிடும். கி.மு. 216இல் தென் இத்தாலியில் கன்னே என்ற இடத்தில் கார்தேஜ் நாட்டுத் தளபதி ஹானிபால் ரோமப் படையைச் சுற்றி வளைத்து அழித்தான். இறந்தவர்கள் ஏறத்தாழ 48,000 என்கிறார் லிவி. பாலிபியஸ் 70,000 என்கிறார். என் மகன் இரண்டு கணக்கையும் படித்துவிட்டு, “ஏம்மா, இத்தனை பேர் செத்ததுக்கு அப்புறம் அடுத்த படை எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்டான். அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. நாலைந்து வருடத்தில் ரோம் இருபதுக்கும் மேற்பட்ட லீஜியன்களை, அதாவது பெரிய படைப்பிரிவுகளை, நிறுத்தியிருந்தது.

பதில் பாலிபியஸின் இரண்டாம் புத்தகம், 24ஆம் பகுதியில் இருக்கிறது. கி.மு. 225இல் ரோமும் அதன் கூட்டாளிகளும் சேர்ந்து திரட்டக்கூடிய ஆட்களின் கணக்கு அது: காலாட்படைக்கு 7 லட்சத்துக்கு மேல், குதிரைப்படைக்கு 70,000. ஹானிபால் ஆல்ப்ஸைத் தாண்டி வந்தபோது அவனிடம் மிஞ்சியவர்கள் 12,000 ஆப்பிரிக்கர், 8,000 ஸ்பானியர், 6,000 குதிரை வீரர்கள். ஹானிபாலே தென் இத்தாலியின் லாசினியத்தில் பொறித்துவைத்த பட்டயத்தைப் பார்த்துத்தான் பாலிபியஸ் இதை எழுதுகிறார். இரண்டு கணக்கையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள்.

அந்த 7 லட்சம் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால் கி.மு. 338 வரும். அந்த வருடம் போரில் தன்னிடம் தோற்ற, அக்கம்பக்கத்து லத்தீன் ஊர்களை ரோம் ஒரே மாதிரி நடத்தவில்லை. சிலவற்றுக்கு முழுக் குடியுரிமை, சிலவற்றுக்கு ஓட்டு இல்லாத குடியுரிமை, மற்றவை கூட்டாளிகள். கூட்டாளிகளிடம் கப்பம் கேட்கவில்லை, ஆள் கேட்டது. இன்று தோற்ற ஊர் நாளைக்கு ரோமோடு சேர்ந்து போருக்குப் போனது, கொள்ளையிலும் நிலத்திலும் பங்கு பெற்றது. எதிரியே இதைக் கவனித்திருக்கிறான். மாசிடோனிய அரசன் ஐந்தாம் பிலிப் கி.மு. 215 வாக்கில் லாரிசா நகரத்துக்கு எழுதிய கடிதம் கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. ரோமர்களைப் பாருங்கள், விடுதலை பெற்ற அடிமைக்குக்கூடக் குடியுரிமை தருகிறார்கள், அதனால்தான் ஏறத்தாழ 70 இடங்களில் குடியேற்றம் அமைக்க அவர்களால் முடிந்தது என்று அதில் சொல்கிறான். அந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் ஊதித்தான் சொல்கிறான். அதையும் பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் அதிக நேரம் செலவிட்டது லிவியின் 27ஆம் புத்தகத்தில் வரும் ஒரு சின்னப் பகுதியில். கி.மு. 209இல், ஹானிபாலோடு போர் நீண்டு எல்லோரும் களைத்த நேரத்தில், ரோம் இத்தாலியில் அமைத்திருந்த 30 லத்தீன் குடியேற்ற ஊர்களில் 12 இனி ஆளும் இல்லை, பணமும் இல்லை என்று கைவிரித்துவிட்டன. மீதி 18 கொடுத்தன. அந்தப் பதினெட்டின் பெயரையும், புகழ் மறையக் கூடாது என்று லிவி ஒவ்வொன்றாகச் சொல்கிறார். மகன் அவற்றை வரைபடத்தில் புள்ளி வைத்தான். பெனவென்டம், வெனுசியா, பிரண்டிசியம் மூன்றும் ரோமிலிருந்து தெற்கே நீண்ட அப்பியா சாலையில் விழுகின்றன. அரிமினம் ஃபிளமினியா சாலையின் வடக்கு முனை. பிளாசென்டியாவும் கிரெமோனாவும் வட இத்தாலியில் ‘போ’ என்ற ஆற்றின் கரையில் காவல் நிற்கின்றன. சாலை, குடியேற்றம், ஆள்பலம் மூன்றும் ஒன்றையொன்று தாங்கியது அந்தப் புள்ளிகளில் தெரிந்துவிட்டது. நான் விளக்கியிருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பேன்.

அந்த 18 ஊர்கள் சார்பில் பேசியவர் ஃபிரெகெல்லே ஊர்க்காரர். கி.மு. 125இல் அதே ஊர் கிளர்ச்சி செய்தபோது ரோம் அதைத் தரைமட்டமாக்கியது. கூட்டாளிகளுக்குக் குடியுரிமை வேண்டும் என்ற கோரிக்கை தள்ளிக்கொண்டே போய், கி.மு. 91இல் இத்தாலி முழுக்கப் போராக வெடித்தது. இதைச் சொல்லாமல் விட்டால் ரோம் பெருந்தன்மையால் வளர்ந்தது என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். கி.மு. 167இல் கிரேக்கத்தின் வடமேற்கிலுள்ள எபிரஸில் 1,50,000 பேரை அடிமைகளாக்கியதும் அதே ரோம்தான்.

இந்த வழிக்கு விலை பெற்றோரின் நேரம். பாலிபியஸும் லிவியும் ஆங்கில மொழிபெயர்ப்பில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறார்கள், முன்னவர் லாகஸ்கர்ஷியஸ் தளத்தில், பின்னவர் பெர்சியஸ் தளத்தில். ஆனால் நீங்கள் ஒருநாள் முன்னதாகவே படித்து, எந்தப் பத்தி வேண்டும், எது வேண்டாம் என்று குறித்துவைக்க வேண்டும். பாலிபியஸ் ஊருக்கு ஊர் நின்று உபதேசம் செய்வார். ரோமத் தளபதிகளான ஸிபியோ குடும்பத்துக்கு நெருக்கமானவர் வேறு. முழுதாகப் படிக்கக் கொடுத்தால் பிள்ளைக்கு வெறுத்துவிடும். முதல் புத்தகத்தின் தொடக்கம், கன்னே, ஆறாம் புத்தகத்தில் அரசமைப்பும் ராணுவ முகாமும், இவை போதும்.

தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அரிக்கமேட்டிலிருந்தும் கோவைப் பக்கம் கிடைத்த ரோம நாணயங்களிலிருந்தும் தொடங்க நமக்கு ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் கி.மு. 30இல் எகிப்து ரோமின் கைக்கு வந்த பிறகுதான் அந்த வணிகம் பெருகியது. அது பேரரசு செலவழித்த கதை. கடைசியில் வைத்துக்கொண்டால் இன்னும் ருசிக்கும்.

என் அனுபவம் படிக்கப் பிடிக்கும் ஒரு பிள்ளையோடு மட்டும். ஆங்கிலத்தில் நீளமாகப் படிக்கத் திணறும் பிள்ளைக்கு இது எடுபடுமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். அங்கே நீங்கள் வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போகலாம். தேர்வு நெருங்கிவிட்டதென்றால் பாடப்புத்தகத்தையே முதலில் முடியுங்கள். பாலிபியஸ் 2.24, லிவி 27.9–10 இரண்டையும் மட்டும் ஒரு மாலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு வெற்று இத்தாலி வரைபடம் இருக்கட்டும்.